நாக்அவுட் செஸ்: கோப்பை யாருக்கு என்று கணக்குப் போடுவது எப்படி?

2017-இல் திபிலிசியில் நடந்த செஸ் உலகக் கோப்பையில் மாக்னஸ் கார்ல்சன் மூன்றாவது சுற்றிலேயே சீனாவின் பு சியாங்ஷியிடம் தோற்று வெளியேறினார். 2021-இல் சோச்சியில் அரையிறுதி வரை வந்து, டைபிரேக்கில் (சமநிலையை முறிக்க ஆடும் கூடுதல் ஆட்டங்களில்) போலந்தின் டூடாவிடம் விழுந்தார். 2023-இல் பாகூவில்தான் கோப்பை கைக்கு வந்தது. மூன்று முறையும் உலகத் தரவரிசையில் அவர்தான் முதலிடம். இதை வைத்துக் கணிப்பே வீண் வேலை என்று சொல்லிவிட முடியாது. ஒழுங்காகப் போட்ட கணக்கு, முதலிடக்காரரும் பெரும்பாலான முறை தோற்பார் என்றுதான் சொல்லும்.

கணக்கு ரேட்டிங்கில், அதாவது வீரரின் பலத்தைக் காட்டும் எலோ எண்ணில், தொடங்குகிறது. இருவரின் எலோ வித்தியாசத்தை 400-ஆல் வகுக்க வேண்டும். 10-ஐ அந்த எண்ணின் எதிர்மறை அடுக்குக்கு உயர்த்தி, அதனுடன் 1 கூட்டி, கிடைப்பதால் 1-ஐ வகுத்தால், வலுவானவர் ஓர் ஆட்டத்தில் சராசரியாக எடுக்கக்கூடிய புள்ளி வரும். 100 வித்தியாசத்துக்கு 0.64, 200-க்கு 0.76.

புதிதாகக் கணிக்க வருபவர்கள் இங்கேதான் முதலில் சறுக்குகிறார்கள். 0.64 என்பது வெற்றி வாய்ப்பு அல்ல; டிராவில் கிடைக்கும் அரைப் புள்ளிகளும் அதற்குள் இருக்கின்றன. டிரா வாய்ப்பு 50% என்று வைத்தால், அதில் பாதியான 25-ஐ 64-இலிருந்து கழிக்க வேண்டும். அப்போது வெற்றி 39%, டிரா 50%, தோல்வி 11%. இந்த 50%-ஐ எல்லாச் சுற்றுக்கும் அப்படியே வைத்துவிடவும் கூடாது. 400 வித்தியாசத்தில் வலுவானவரின் சராசரி 0.91. அங்கேயும் டிரா 50% என்று போட்டால் தோல்வி வாய்ப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஆகவே வித்தியாசம் கூடக் கூட டிரா விகிதம் குறையும்படி அமைக்க வேண்டும்.

உலகக் கோப்பையில் ஒரு சுற்று என்பது இரண்டு கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்கள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் கறுப்பு என்பதால் வெள்ளைக் காயின் அனுகூலம் பெரும்பாலும் சமன்பட்டுவிடும். மேலே சொன்ன 39–50–11-ஐ வைத்து இரண்டு ஆட்டங்களைப் பெருக்கினால், வலுவானவர் அங்கேயே முடிப்பது 54%, தோற்பது 12%, சமநிலை 34%. தன்னைவிட 100 புள்ளி குறைந்தவரோடு மோதும்போதும் மூன்றில் ஒரு பங்கு டைபிரேக்குக்குப் போகிறது!

டைபிரேக் வேறு ஆட்டம். 2023-இல் முதலில் 25 நிமிடமும் நகர்வுக்கு 10 விநாடியும் கொண்ட இரண்டு ரேபிட் ஆட்டங்கள். தீராவிட்டால் 10 நிமிட ஆட்டங்கள், பிறகு 5 நிமிட பிளிட்ஸ், அப்புறம் 3 நிமிடம். அந்த ஆண்டு அரையிறுதியில் பிரக்ஞானந்தா அமெரிக்காவின் கருவானாவை வென்றது 10 நிமிட ஆட்டங்களில்தான். இந்தக் கட்டத்துக்கு ரேபிட், பிளிட்ஸ் ரேட்டிங்கை எடுக்க வேண்டும். கிளாசிக்கல் ரேட்டிங்கையே இங்கும் போடுவது பெரும் பிழை. நம் உதாரணத்தில் ரேபிட் வித்தியாசம் 50 மட்டுமே என்று வைத்தால், டைபிரேக்கில் அவர் ஜெயிப்பது சுமார் 64%. அதை 34%-ஆல் பெருக்கி 54-உடன் சேர்த்தால், சுற்றைத் தாண்டும் மொத்த வாய்ப்பு 76% அளவில் நிற்கிறது.

இதில் ஒரு குறை உண்டு. இரண்டு ஆட்டங்களும் ஒன்றையொன்று பாதிக்காது என்று எடுத்துக்கொண்டோம். நிஜத்தில் முதல் ஆட்டத்தைத் தோற்றவர் இரண்டாவதில் ஜெயித்தே ஆக வேண்டும். துணிந்து ஆடுவார், டிரா குறையும், இரு பக்கமும் வெற்றி கூடும். மறுபுறம், ரேபிட்டில் தேர்ந்தவர் கிளாசிக்கலில் இரண்டு டிராவை வாங்கிக்கொண்டு டைபிரேக்குக்குக் காத்திருப்பதும் நடக்கும். இரண்டாவது ஆட்டத்துக்குத் தனி டிரா விகிதம் வைத்தால் கணக்கு நிஜத்துக்கு நெருங்கும்.

இனி சுற்றுகளைக் கோக்கலாம். 206 பேர் ஆடும் இன்றைய வடிவத்தில் முதல் 50 பேர் நேராக இரண்டாம் சுற்றில் நுழைகிறார்கள். கோப்பைக்கு அவர்கள் ஏழு பேரை வெல்ல வேண்டும். முதலிடக்காரரின் வாய்ப்பு சுற்றுவாரியாக 95, 90, 85, 78, 70, 65, 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் அவர் கைதான் ஓங்கியிருக்கிறது. ஏழையும் பெருக்கினால் வருவது 15% மட்டுமே.

அடுத்த சுற்றில் யார் எதிரே வருவார் என்பது முன்கூட்டித் தெரியாததால், முழு அட்டவணையையும் கணினியில் ஆட விடுகிறார்கள். இதுதான் மோண்டே கார்லோ முறை. 10,000 முறை ஓட்டினால், 15% என்ற விடையில் தற்செயலால் வரும் பிழை 0.36 சதவீதப் புள்ளி அளவுதான். ஒரு லட்சம் முறை ஓட்டினால் அது 0.11. அதற்கு மேல் ஓட்டிப் பயனில்லை, ஏனென்றால் பெரிய பிழை ரேட்டிங்கிலேயே இருக்கிறது.

ஒருமுறை 2400-ஐத் தொட்டவர்களுக்கு சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில் பெருக்கு எண் 10; எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை இதனால் பெருக்குவார்கள். சம ரேட்டிங் உள்ளவரை ஜெயித்தால் ஏறுவது 5 புள்ளி. வேகமாக வளரும் ஓர் இளம் வீரரின் உண்மையான பலம் காட்டும் ரேட்டிங்கைவிட 60 கூடுதல் என்றால், அவருக்கு ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஏறுவது 1 புள்ளிக்கும் குறைவு. எண் அவர் பலத்தை எட்டிப் பிடிக்க எழுபது ஆட்டங்களுக்கு மேல் ஆகும். இளைஞர்கள் நிறைந்த பட்டியலில் ரேட்டிங்கை அப்படியே நம்புவது ஆபத்து என்பதற்கு இதுவே காரணம்.

தீர்வு, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒவ்வொருவரின் ரேட்டிங்கையும் கொஞ்சம் மேலோ கீழோ தற்செயலாக அசைப்பது. அப்படி அசைத்த எண்ணை அந்த ஓட்டத்தின் எல்லாச் சுற்றுக்கும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் புதிதாக அசைத்தால் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒருவர் ஒவ்வொரு சுற்றையும் தாண்டும் வாய்ப்பு 50% என்றால், ஏழு சுற்றுக்கு 0.8%. அவரே பாதி ஓட்டங்களில் 60% ஆளாகவும் மீதிப் பாதியில் 40% ஆளாகவும் இருந்தால் சராசரி மாறவில்லை. ஆனால் கோப்பை வாய்ப்பு 1.5% ஆகிறது, ஏறக்குறைய இருமடங்கு. 1999-இல் லாஸ் வேகாஸில் கலிஃப்மனும் 2004-இல் திரிபோலியில் காசிம்ஜானவும் நாக்அவுட் முறையில் உலகப் பட்டம் வென்றபோது இருவரும் முன்னணி சீட் வரிசையில் (ரேட்டிங்படி தொடருக்கு முன் தரும் இட வரிசையில்) இல்லை. அத்தகைய வெற்றிக்குக் கணக்கில் இடம் தருவது இந்த ஒரு படிதான்.

கணித்தவர் சரியா என்பதை ஒரு சாம்பியனை வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் ஒரு தொடரில் 200-க்கும் மேற்பட்ட மோதல்கள் நடக்கின்றன. 76% என்று சொன்ன வீரர் ஜெயித்தால் 0.24-இன் வர்க்கமான 0.058, தோற்றால் 0.76-இன் வர்க்கமான 0.578 என்று குறித்து, எல்லா மோதல்களுக்கும் சராசரி எடுக்க வேண்டும். பிரையர் மதிப்பெண் எனப்படும் இது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 50% என்றவருக்கே 0.25 கிடைக்கும், அதைவிடக் குறைவாக எடுக்காத கணிப்பை ஒதுக்கிவிடலாம்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மீண்டும் ஓட்ட வேண்டும். 2025-இல் கோவாவில் உலக சாம்பியன் குகேஷ் மூன்றாவது சுற்றில் ஃப்ரெடெரிக் ஸ்வானிடம் தோற்றதும் அவர் பங்கு மற்ற எல்லோருக்கும் சமமாகப் பிரியவில்லை. வழியில் அவரைச் சந்தித்திருக்கக் கூடிய, அட்டவணையின் அதே கால்பகுதியில் இருந்த வலுவான வீரர்களுக்கே அதில் அதிகம் போகும். எதிர்ப் பாதியில் இருப்பவருக்கு அவரை இறுதிப் போட்டியில் மட்டுமே எதிர்கொள்ள வேண்டியிருந்திருக்கும் என்பதால், அங்கே எண்கள் சற்றே நகரும்.