எதிர்நோக்கு: சொல் விளக்கம்

விவிலியத்தில் 1 கொரிந்தியர் 13:13-ஐப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்தால் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று இருக்கும். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அதே வசனம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. அங்கே இரண்டாவதாக நின்ற நம்பிக்கை இங்கே முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்கள் குழம்பத்தான் செய்வார்கள்.

அந்த இரண்டாம் இடத்தில் கிரேக்க மூலம் வைத்திருக்கும் சொல் 'எல்பிஸ்'. பழைய கிரேக்கத்தில் நல்லதோ கெட்டதோ, வரப்போவதை எதிர்பார்ப்பதற்கெல்லாம் இதே சொல்தான். புதிய ஏற்பாட்டில் அது கடவுள் தரப்போகும் நன்மைக்காக உறுதியோடு காத்திருப்பதைக் குறிக்கிறது.

பழைய ஏற்பாட்டின் மொழியான எபிரெயத்தில் இதற்கு இணையான சொல் 'திக்வா'. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது, ஏனென்றால் இதற்குக் கயிறு என்றும் பொருள் உண்டு. எரிகோ நகரில் இஸ்ரயேல் ஒற்றர்களை ஒளித்துக் காத்த ராகாப் என்ற பெண் ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றை யோசுவா 2:18 இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. அவள் வீடு மதிலை ஒட்டியது. வெளியே ஏழு நாளாக இஸ்ரயேலர் படை சுற்றி வருகிறது. உள்ளே அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே வீட்டில் ஒடுங்கியிருக்கிறார்கள். ஜன்னலில் தொங்கும் கயிற்றால் படையைத் தடுக்க முடியாது. ஆனால் உங்களைக் காப்பாற்றுவோம் என்று அந்த ஒற்றர்கள் கொடுத்த வாக்கு அதில் கட்டியிருக்கிறது. அந்தப் பயத்துக்கு நடுவே அவர்களுக்கு இருந்த பிடி அதுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். 'விசுவாசம்' வடசொல், சுவாசத்துக்கும் அதற்கும் வேர் ஒன்றே. அச்சம் நீங்கி நிம்மதியாக மூச்சுவிடுவது அதன் அடிப்பொருள். 'நம்பு' நம் சொல். 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்கிறது தொல்காப்பியம். அதாவது, நம்பு என்றால் அன்றைக்கு விருப்பம். இன்றைக்கு நம்பிக்கை இரண்டு வேலை பார்க்கிறது. 'அவர்மேல் நம்பிக்கை இருக்கிறது' என்பது பற்றுறுதி. 'பிழைத்துவிடுவார் என்ற நம்பிக்கை இருக்கிறது' என்பது வருவதை நோக்கிய ஏக்கம். இந்த இரண்டாவதைப் பிரித்துச் சொல்லத்தான் 'எதிர்நோக்கு' தேவைப்பட்டது.

எதிர் + நோக்கு: வரப்போவதன் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருத்தல். சங்கீதம் 130-இல் விடியலுக்குக் காத்திருக்கும் இரவுக் காவலர் வருகிறார்கள். விடியும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இருட்டு இன்னும் விலகவில்லை, குளிரும் குறையவில்லை, கண் மட்டும் கிழக்கே இருக்கிறது.

'எதிர்பார்ப்பு' என்றே சொல்லலாமே என்பவர்கள் உண்டு. அந்தச் சொல்லோடு ஏமாற்றமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். எதிர்நோக்கு ஏமாற்றம் தராது என்கிறது ரோமர் 5:5, அதுவும் துன்பத்தைப் பற்றிப் பேசி முடித்த கையோடு.

நோயாளியின் கட்டிலருகே 'எதிர்நோக்கோடு இருங்கள்' என்றால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அங்கே கையைப் பிடித்து 'நம்பிக்கையா இருங்க' என்றால் போதும். எழுதும்போது, அதிலும் இரண்டு பொருளும் ஒரே வரியில் வரும்போது, எதிர்நோக்கு என்றே எழுதுங்கள்.