நிலைமின் ஒலிபெருக்கி: ‘பேஸ்’ பத்தாது என்றால் எது பத்தாது?

சிங்கப்பூர் கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபி கட்டடத்தில் ஆளுயர எலெக்ட்ரோஸ்டேட்டிக் ஒலிபெருக்கி ஒன்றைக் கேட்டுவிட்டு வெளியே வந்தோம். விலை பத்தாயிரம் வெள்ளிக்கு மேல். உடன் வந்த தம்பி சொன்னான்: “குரல் எதிர்ல நின்னு பாடுற மாதிரி இருக்குண்ணே. ஆனா பேஸ் பத்தாது.” “எந்த பேஸ்?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

முதலில் அந்தப் பெட்டியில்லாத பெட்டியின் பெயர். எலெக்ட்ரோஸ்டேட்டிக் என்ற சொல்லில் இரண்டு கிரேக்கத் துண்டுகள் உண்டு. ‘எலெக்ட்ரான்’ என்றால் அம்பர், அதாவது இறுகிக் கல்லாகிப்போன மரப்பிசின். அதைத் துணியில் தேய்த்தால் தூசும் துரும்பும் வந்து ஒட்டும். 1600இல் வில்லியம் கில்பர்ட் இந்த ஈர்ப்பைப் பற்றி எழுதியபோது அம்பரின் பெயரையே அதற்குச் சூட்டினார். ‘ஸ்டேட்டிக்’ என்பது நிற்பது. தமிழ்ப் பாடநூல்கள் ‘நிலைமின்னியல்’ என்கின்றன, நல்ல ஆக்கம். ஒலிபெருக்கிக்குள்ளும் அதுதான் நடக்கிறது. சில மைக்ரான் தடிமனே உள்ள பிளாஸ்டிக் படலம் ஒன்றில் சில ஆயிரம் வோல்ட் மின்னேற்றம் அசையாமல் நிற்கும். படலத்தின் இருபுறமும் துளையிட்ட தகடுகள். அவற்றில் இசைக்கேற்ப மின்னழுத்தம் மாற, ஒன்று தள்ளும், மற்றொன்று இழுக்கும். நிற்பது மின், ஆடுவது படலம். ஆகவே ‘நிலைமின் ஒலிபெருக்கி’ என்பதில் குறை சொல்ல எதுவுமில்லை. (‘ஒலிபெருக்கி’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. பெருக்குவது ஆம்ப்ளிஃபையர், இது ஒலிப்பது. ஆனால் கல்யாண வீட்டுக் கூம்புக்குழாய்க் காலத்திலேயே வேர்விட்ட சொல்லை இனிப் பிடுங்க முடியாது.)

இனி ‘பேஸ்’, அதாவது தாழ்ந்த ஒலி. இலத்தீனில் ‘பாஸுஸ்’ என்றால் தாழ்ந்தது, குட்டையானது. இத்தாலிய ‘பாஸோ’வைப் பார்த்து ஆங்கிலம் எழுத்தை bass என்று மாற்றிக்கொண்டது, உச்சரிப்பை மாற்றவில்லை. அதே எழுத்துகளை ‘பாஸ்’ என்று படித்தால் தேக்கா சந்தையில் கொடுவா மீன் கிடைக்கும். இரண்டு சொல்லுக்கும் உறவேயில்லை.

தமிழில் இதற்கு என்ன? அகராதியைப் புரட்டி ‘மந்தம்’ என்று போடுகிறவர்கள் உண்டு. மந்தம் என்றால் வயிற்று மந்தம் நினைவுக்கு வருமே தவிர இசை வராது. கச்சேரி கேட்பவர்களுக்குத் தெரிந்த சொல் மந்தரம், மந்தர ஸ்தாயி. அதற்கும் மூத்தது மெலிவு. வலிவு, மெலிவு, சமன் என்று சிலப்பதிகாரமே மூன்று இயக்கங்களைச் சொல்கிறது. அழகான சொல்தான். ஆனால் இன்று கடைக்காரரிடம் “மெலிவு எப்படி?” என்று கேட்டால், ஒலி சன்னமாக இருக்கிறதா என்று கேட்பதாகவே எடுத்துக்கொள்வார். என் தேர்வு மந்தரம்.

ஆனால் தம்பி சொன்ன ‘பேஸ்’ மந்தரம் மட்டுமல்ல. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. ஒன்று, சுருதி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது. மற்றது, அந்த ஆழத்தில் எவ்வளவு காற்று நம் நெஞ்சில் வந்து மோதுகிறது என்பது. இரண்டாவதை ‘இடி’ என்பேன். “கும்முனு இருக்கு” என்று சொல்கிறோமே, அது. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ‘தோம்’ மந்தரம். கோயில் வாசலில் பக்கத்தில் நின்று தவில் கேட்கும்போது வயிறு அதிர்கிறதே, அது இடி.

நிலைமின் ஒலிபெருக்கிக்குப் பெரும்பாலும் மந்தரம் உண்டு, இடிதான் குறைவு. காரணம் எளிது. ஒரு ஸ்தாயி இறங்கும்போது, அதாவது அதிர்வெண் பாதியாகும்போது, அதே உரப்புக்குப் படலம் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். தகடுகளுக்கிடையே இருப்பதோ சில மில்லிமீட்டர். மேலும் பின்பக்கம் பெட்டி கிடையாது, வெறும் பலகைதான். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதன் முன்னால் இந்தப் பலகை ஒரு முறம். பின்னால் எழும் எதிரலை ஓரத்தைச் சுற்றி முன்னே வந்து முன்னலையை அழிக்கிறது. 1957இல் பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பலகைக்கும் இதே கணக்குதான். இன்றைக்கும் அதன் குரல் தெளிவுக்காக அலைகிறவர்கள் இருக்கிறார்கள், இடிக்காக யாரும் அலைவதில்லை.

இதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, பலகையை இன்னும் பெரிதாக்குவது. மற்றது, கீழே தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள வழக்கமான கூம்பு வூஃபரைப் பொருத்திக் கலப்பாகச் செய்வது. மார்ட்டின்லோகன் நிறுவனம் பலகாலமாகச் செய்வது இதைத்தான். கலப்பில் இடி கிடைக்கும். ஆனால் படலம் விட்டுக் கூம்பு தொடங்கும் இடத்தில் தையல் தெரிகிறதா என்று காது கொடுத்துப் பார்க்க வேண்டும். வெடிச்சத்தப் படக்காட்சியை ஓட்டிப் பயனில்லை. பேஸ் கிட்டார் படியேறி வரும் ஒரு பழைய திரைப்பாட்டைப் போடுங்கள். அந்தக் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். ஏறி வரும்போது எல்லா ஸ்வரமும் ஒரே ஆளின் விரலிலிருந்து வருவதாகக் கேட்டால் தையல் நன்று.

நம் வீவக அடுக்குமாடி வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. கான்கிரீட் சுவருக்குள் பெட்டி ஒலிபெருக்கியின் தாழ்ந்த ஒலி சில சுருதிகளில் மட்டும் பொங்கிக் குழம்பாகும். முழுநிலைமின் பலகை முன்னும் பின்னும் மட்டுமே ஒலிப்பதால், பக்கச்சுவரை அவ்வளவாகத் தட்டி எழுப்பாது. இடி குறைவு என்பதே இரவில் கீழ்வீட்டாருக்குச் செய்யும் உபகாரமாகிவிடும். ஈரப்பதம்தான் கவலை. காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில் பழைய பலகைகள் மின்னேற்றத்தைக் கசியவிட்டுச் சடசடக்கும். கூடவே தூசு. அம்பரின் குணம் விட்டுப்போகுமா?

மறுவாரம் தம்பி மிருதங்கப் பதிவோடு தனியே போய்வந்தான். “மந்தரம் சுத்தமா இருக்குண்ணே. இடி இல்ல. எனக்கு அது போதும்,” என்றான். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்கணும் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். அளந்து பார்த்திருக்கிறான், அந்த இடத்தில் அம்மாவின் சாமி அலமாரி நிற்கிறது.