தானியத்தை அவசரப்பட்டுக் கூட்டாதீர்கள்: வயிற்று அமில நோய் குறித்து ஒரு கால்நடை மருத்துவரின் வேண்டுகோள்

இரவில் கயிறு அவிழ்ந்து தானிய அறைக்குள் புகுந்து, மக்காச்சோள மாவை வயிறு முட்டத் தின்றுவிட்ட ஒரு கறவை மாட்டை மறுநாள் காலையில் பார்க்கச் சென்றேன். இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் கைமுட்டியை வைத்து அமுக்கியபோது உள்ளே தண்ணீர் தளும்பும் ஓசை கேட்டது, நீர்த்த சாணத்தில் புளித்த வாடை வீசியது, கண்கள் குழிவிழுந்திருந்தன. முந்தின நாள் மாலை வரை நன்றாக அசைபோட்ட மாடு அது.

அசைபோடும் கால்நடையின் முதல் வயிற்றில் வாழும் பாக்டீரியாக்களும் புரோட்டோசோவாக்களும் பூஞ்சைகளுமே நார்ச்சத்தை நொதிக்கச் செய்து, அது ஆற்றலாகப் பயன்படுத்தும் கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. அங்கே பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இந்த எண் இறங்கும்) 6 முதல் 7 வரை இருந்தால்தான் அவை செழிக்கும். அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீர், பெரிய மாட்டில் நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல், தன்னிலுள்ள, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் உப்பால் அந்த அளவைக் காத்து நிற்கிறது. திடீரென மாவுச்சத்து குவிந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்னும் பாக்டீரியா வெகுவேகமாகப் பெருகி லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. அந்த அமிலத்தை உண்டு குறைக்கும் மெகாஸ்பீரா போன்ற நுண்ணுயிர்களோ மெதுவாகவே பெருகுபவை. பி.எச். 5-க்குக் கீழே இறங்கும்போது நார்ச்சத்தைச் செரிப்பவை மடிகின்றன. உடலின் நீர் இரத்தத்திலிருந்து வயிற்றுக்குள் இழுக்கப்படுவதால் மாடு வறண்டு சாய்கிறது.

இத்தனை கடுமையாக வராமல், நாள்தோறும் சிறிது சிறிதாக அரிக்கும் வகையே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. பாலில் கொழுப்பு குறையும், சாணம் ஒருநாள் இறுகி மறுநாள் இளகும், வாரங்கள் கழித்துக் குளம்பு நோகும். காரணம் தீவனத் தொட்டியில் இருப்பது அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆகவே தானியத்தை இரண்டு, மூன்று வாரங்களில் படிப்படியாகவே கூட்டுங்கள். மெதுவாகப் பெருகும் அந்த நுண்ணுயிர்களுக்கு அவ்வளவு அவகாசம் வேண்டும். முதலில் உலர்தீவனம், பிறகு தானியம்; அதையும் நைய அரைக்காமல் உடைத்து, பல வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். சமையல் சோடா கலப்பது துணைதான், நீளமான நார்த்தீவனத்தின் இடத்தை அது நிரப்பாது. மாடு தானியத்தை அள்ளித் தின்றுவிட்டது தெரிந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும்.

அந்த மாட்டுக்கு வயிற்றைக் கழுவி, சிரை வழியாக நீர்மருந்து ஏற்றி, நலமான இன்னொரு மாட்டின் வயிற்றுநீரை எடுத்து உள்ளே செலுத்தினோம். நான்காம் நாள் அது மீண்டும் அசைபோட்டது. குளம்பு வலியால் நொண்டுவது மட்டும் நெடுநாள் நீடித்தது.