ரெகேன்னா பாப் மார்லி மட்டும்தானா? ஆப்பிரிக்க ரெகே பத்தி ஒரு அரேஞ்சர் சொல்றது

ஸ்டூடியோவுல மியூசிக் அரேஞ்சரா வேலை பாக்குறேன். விளம்பர ஜிங்கிள், குறும்படம், இண்டி பாட்டுன்னு எல்லாம் வரும். "ஒரு ரெகே ஃபீல் வேணும்"னு கேட்டு வர்றவங்க நிறைய. ரெகேன்னா ஜமைக்காவுல பொறந்த இசை, பாப் மார்லி அதோட பிரபலமான பாடகர். ரெஃபரன்ஸ் இருக்கான்னு கேட்டா போன்ல ஒரு பாட்டு போடுவாங்க, ஃபைல்ல பாப் மார்லின்னு பேரு இருக்கும், ஆனா பாடுறது தென்னாப்பிரிக்காவோட லக்கி டூபே. இது அடிக்கடி நடக்குது, ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஏன்னா அந்த மனுஷன் அந்த சவுண்டுக்காக என்ன பாடுபட்டார்னு தெரியும்.

லக்கி டூபே மொதல்ல ரெகே பாடகரே கிடையாது. ம்பகாங்கான்னு தென்னாப்பிரிக்காவுல ஒரு இசை இருக்கு, ஜூலு மக்களோட பாட்டும் ஜாஸும் கலந்தது, அதுல ஜூலு மொழியில பாடி நல்லா வித்துக்கிட்டு இருந்தவர். 1984-ல ரெகேக்கு மாறி ஒரு சின்ன ஆல்பம் போட்டார், அது சரியா போகல, நிறவெறி அரசாங்கம் அதைத் தடையும் பண்ணிருச்சு. பழைய ரூட்டுக்கே போயிருக்கலாம், காசும் அங்கதான் இருந்துச்சு. போகல. 1987-ல வந்த ஸ்லேவ் ஆல்பத்தை ஹெட்போன்ல கேட்டுப் பாருங்க, ஜமைக்கா ரெகேயில கிட்டாரும் பேஸும் முன்னாடி நிக்கும், இங்க கீபோர்டு முன்னாடி வந்துரும், பின்னாடி பெண்கள் கோரஸா பதில் சொல்லிக்கிட்டே இருப்பாங்க, அவர் குரல் அடித்தொண்டையில இருந்து சட்டுனு உச்சிக்கு ஏறும். அந்தக் கோரஸ் பழக்கம் ம்பகாங்காவுல இருந்து வந்ததுதான், கூடவே ஜமைக்கா ரெகே பாடகர் பீட்டர் டாஷோட தாக்கமும் இருக்கு. 2007 அக்டோபர்ல ஜோகன்னஸ்பர்க்ல கார் பறிக்க வந்தவங்க சுட்டதுல செத்துப்போனார், வயசு 43.

ஆப்பிரிக்க ரெகேன்னா ஜமைக்காவோட காப்பின்னு சிலர் சொல்வாங்க, இதைக் கேட்டுட்டு எப்படிங்க அப்படிச் சொல்றது? ஜமைக்கா ரெகேயே கலந்து பொறந்ததுதான். அங்க இருந்த மென்டோங்கிற நாட்டுப்புற இசை, அமெரிக்க ரேடியோவுல வந்த ரிதம் அண்ட் புளூஸ், அடிமைகளா கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோட வழியில வந்த மேளம் எல்லாம் சேர்ந்து ஸ்கா, ராக்ஸ்டெடின்னு மாறி 1968 வாக்குல ரெகேன்னு பேர் வாங்குச்சு. அப்புறம் அதுவே ஆப்பிரிக்காவுக்குப் போகுது. 1980 ஏப்ரல்ல ஜிம்பாப்வே சுதந்திர விழாவுல ரூஃபாரோ ஸ்டேடியத்துல மார்லி வாசிச்சது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா அதுக்கு முன்னாடியே 1977-ல நைஜீரியாவுல சன்னி ஒகோசுன் ஃபயர் இன் சொவெட்டோ போட்டுட்டார், ஹைலைஃப்ங்கிற மேற்கு ஆப்பிரிக்க டான்ஸ் இசை, ராக், ரெகே மூணும் அவர்கிட்ட ஒண்ணாவே ஓடும்.

மேற்கு ஆப்பிரிக்கா கதை வேற. ஐவரி கோஸ்ட்ல ஆல்ஃபா பிளாண்டி 80-கள் ஆரம்பத்துல பிரிகேடியர் சபாரின்னு ஒரு பாட்டுல அபிஜான் போலீஸ் அடிதடியைப் பத்தி ஜூலா மொழியில பாடினார், சந்தையில ஊர் ஊரா புழங்குற மொழி அது, பக்கத்து நாட்டுக்காரனுக்கும் புரியும். அதே ஆளு 1986-ல ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனுக்கே போய் மார்லியோட வெய்லர்ஸ் குழுவை வச்சு ஜெருசலேம் ஆல்பம் பண்ணார், ஃபிரெஞ்சு, இங்கிலீஷ், ஹீப்ரூ, அரபின்னு அதுல மொழியெல்லாம் பக்கத்துல பக்கத்துல வரும். அவருக்கு அடுத்து வந்த டிக்கன் ஜா ஃபக்கோலி கோரா, ங்கோனி மாதிரி மேற்கு ஆப்பிரிக்க தந்தி வாத்தியங்களை ரெகே ரிதம் மேல உக்கார வச்சார், 2010-ல வந்த ஆப்பிரிக்கன் ரெவல்யூஷன் கேட்டா தெரியும். அரசியல் பேசினதால சொந்த நாட்டை விட்டு மாலிக்குப் போய் இருக்க வேண்டி வந்துச்சு, 2007-ல செனகல் அதிபரை விமர்சனம் பண்ணதுக்கு அந்த நாட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு தடை போட்டாங்க. இப்படிப்பட்ட பாட்டைத்தான் நம்ம ஆளுங்க கஞ்சா இலை படம் போட்டு "சில் மியூசிக்"னு ஷேர் பண்றாங்க, அது எனக்கு சுத்தமா ஒத்துக்க முடியல.

இனி வேலை விஷயத்துக்கு வர்றேன். கிட்டார்ல ஆஃப்பீட் வெட்டு, அதாவது பீட்டுக்கு நடுவுல விழுற வெட்டு, மட்டும் வச்சா ரெகே ஆயிராது. ஒன் டிராப்னு ரெகேயோட அடிப்படை டிரம்ஸ் ரிதம் ஒண்ணு இருக்கு, அதுல நாலு பீட்டுல மொதல் பீட்டை டிரம்ஸ் காலியா விட்டுரும், மூணாவதுல கிக் டிரம்மும் ஸ்னேர் டிரம்மும் சேர்ந்து விழும். ரெடிமேட் ரிதம் துண்டுகள் இருக்குற லூப் பேக்ல இருந்து இழுத்துப் போடுற பசங்க இந்தக் காலி இடத்தைத்தான் மொதல்ல ரொப்பிடுறாங்க. பேஸ் கிட்டாரோட அடி தந்தி 41 ஹெர்ட்ஸ் கிட்ட, போன் ஸ்பீக்கர்ல அது வரவே வராது, அதனால போன்ல கேட்டுட்டு மிக்ஸ் ஓகே சொல்லாதீங்க. ஆப்பிரிக்க ரெகே ஃபீல்னு கேக்குறவங்ககிட்ட எந்த ஊர் சவுண்டுன்னு நான் கேப்பேன், ஏன்னா லக்கி டூபே வழியில போனா எனக்கு மூணு பெண் குரல் புக் பண்ணணும், டிக்கன் ஜா வழின்னா கோரா வாசிக்கிற ஆளைத் தேடணும், சாம்பிள் வச்சு ஒப்பேத்தினா அந்தத் தந்தியோட அதிர்வு கிடைக்காது. ரெஃபரன்ஸ் அனுப்புறவங்க அனுப்புறதுக்கு முன்னாடி பாடினது யாருன்னு ஒரு தடவை தேடிப் பாத்துட்டு ஃபைல் பேரை சரி பண்ணி அனுப்புங்க, ரீல்ஸ்ல போடும்போதும் அந்தப் பேரையே போடுங்க.