ஆண்டது யார்? ஆண்டு சொல்லும்

கோயில் சுவரில் கல்வெட்டு படிக்கப் பழகுகிறவர்கள் முதலில் மயங்குவது பட்டங்களில்தான். விஜயநகரக் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "ஸ்வஸ்திஸ்ரீ" முடிந்ததும் ஆரம்பிக்கும்: "ஸ்ரீமன் மகாமண்டலேசுவரன், அரியராய விபாடன், பாஷைக்குத் தப்புவராய கண்டன், மூவராய கண்டன், கண்டநாடு கொண்டு கொண்டநாடு கொடாதான்..."

படிக்கவே மூச்சு வாங்கும். இதில் 'பாஷைக்குத் தப்புவராய கண்டன்' என்பது சொன்ன வாக்கைத் தவறும் அரசர்களை அடக்குபவன் என்று பொருள்படும் கன்னடத் தொடர். தமிழ் எழுத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 'மகாமண்டலேசுவரன்' இன்னும் வேடிக்கை. அது பேரரசனுக்கு அடங்கிய சிற்றரசனின் பட்டம். விஜயநகரத்தின் முதல் அரச மரபான சங்கம வம்சத்தார் தொடக்கத்தில் சூட்டிக்கொண்டது, அவர்கள் பேரரசர்கள் ஆன பிறகும் தமிழ்க் கல்வெட்டுகளில் பழக்கத்தால் தொடர்ந்தது. ஆக, பட்டத்தை வைத்து அதிகாரத்தை அளக்க முடியாது.

அளக்க உதவுவது அடுத்த வரி. சோழர் கல்வெட்டில் அங்கே மன்னனின் ஆட்சியாண்டு இருக்கும். காலமே அவன் முடிசூடிய நாளிலிருந்து ஓடும். விஜயநகரக் கல்வெட்டில் அந்த இடத்தைச் சக ஆண்டும் (கி.பி. 78இல் தொடங்கும் கணக்கு) அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரும் பிடித்துக்கொள்கின்றன. 'சகாப்தம் 1351, சௌமிய வருஷம்' என்றால் 78ஐக் கூட்டுங்கள்: கி.பி. 1429. சரிதானா என்று வருஷத்தின் பெயரை வைத்துப் பார்க்கலாம். நமக்கு அண்மையில் சௌமிய வந்தது 1969இல். இடையே 540 ஆண்டுகள், ஒன்பது முழுச் சுற்று. கணக்கு இடிக்கவில்லை.

அதே 1429இல்தான் மயிலாடுதுறைப் பக்கம் கொறுக்கையில் வலங்கை, இடங்கை என்ற இரண்டு அணிகளாக, அணிக்கு 98 என்று பிரிந்து கிடந்த சாதிக் குழுக்கள் ஒன்றுகூடி, அதிகாரிகளும் நிலம் அனுபவித்தவர்களும் கேட்ட வரியைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்துக் கல்லில் வெட்டினார்கள். பட்டங்கள் ஒருபோதும் சொல்லாத செய்தி.

தேதிக்குப் பிறகு இரண்டு சொற்களைத் தேடுங்கள்: 'காரியத்துக்குக் கர்த்தர்', 'புண்ணியமாக'. முதலாவது, மேலிருப்பவர் சார்பில் ஊரை நிர்வகித்த நாயக்கரையோ அதிகாரியையோ காட்டும். இரண்டாவது, தானத்தின் பலன் யாருக்கு எழுதப்பட்டது என்பதைச் சொல்லும். கொடுத்தவர் நாயக்கர், புண்ணியம் ராயருக்கு (விஜயநகரப் பேரரசருக்கு) என்றிருந்தால் யாருக்கு யார் அடங்கியவர் என்பது விளங்கிவிடும்.

விளங்கிவிடும் என்று சொன்னாலும் எச்சரிக்கை வேண்டும். திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரம் கோயிலுக்கான செப்பேடு 1567ஐச் சேர்ந்தது. தக்காண சுல்தான்களிடம் விஜயநகரம் தோற்ற தலைக்கோட்டைப் போர் முடிந்து இரண்டு ஆண்டு, தலைநகர் பாழ். பேரரசர் சதாசிவராயர் பெயருக்குத்தான் ராஜா, பிடி முழுக்கத் திருமலைராயர் கையில். செப்பேடோ சதாசிவரே தானம் தருவதாகப் பேசுகிறது. மதுரை கிருஷ்ணப்ப நாயக்கர் திருமலைராயரிடம் விண்ணப்பிக்க, அவர் பேரரசரிடம் விண்ணப்பிக்க, பேரரசர் அருளினாராம். பொம்மை யார், கயிறு யார் கையில் என்பதை இந்த விண்ணப்ப வரிசையே காட்டிக்கொடுக்கிறது. உண்மையில் கோயில் கட்டியவர் கடைசிப் படியில் நிற்கிறார்.

தென்காசிப் பாண்டியர்கள் வேறு ரகம். மதுரை கைவிட்டுப் போன பின்னும் சொந்த ஆட்சியாண்டை விடவில்லை. '2ஆவதின் எதிர் 10ஆவது' என்று பழைய பாண்டிய முறையிலேயே எழுதினார்கள்; இரண்டையும் கூட்டினால் 12ஆம் ஆட்சியாண்டு. விஜயநகர அச்சுததேவராயர் 1532இல் தெற்கே படை நடத்தி, பாண்டியன் மகளை மணந்ததாக அவருடைய காஞ்சிபுரக் கல்வெட்டு சொல்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் பட்டமேறிய சீவல்லப பாண்டியன் சூடிய பெயர் 'இறந்தகாலமெடுத்தவன்'. போன காலத்தை மீட்டவனாம்!

எனக்குப் பிடித்தது அவர்களில் முன்னவனான பராக்கிரம பாண்டியன். தென்காசி விசுவநாதர் கோயிலை 1446இல் தொடங்கியவன். அங்கே வெட்டிய பாட்டில், "ஆராயினும் இந்தத் தென்காசி மேவுபொன் ஆலயத்து வாராததோர் குற்றம் வந்தால்" அதைச் சரிசெய்து காப்பவர்களை பாரறியப் பணிகிறேன் என்கிறான். பகைவர் தன் காலில் விழுந்ததைப் பாடும் மெய்க்கீர்த்தி மரபில், பெயர் தெரியாத யாரோ ஒருவரை வணங்கும் அரசன். அவன் எழுப்பத் தொடங்கிய கோபுரம் பின்னால் சிதைந்து பிளந்து நெடுங்காலம் நின்றது. புதுக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1990இல்.