சம்பளம் குறைந்தது இரண்டு ஆலைகளில், திருட்டு எகிறியது ஒன்றில்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு நிறுவனம். பெரிய ஒப்பந்தங்கள் கைநழுவிப் போனதும், ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, இரண்டு ஆலைகளில் 10 வாரங்களுக்குச் சம்பளத்தில் 15 சதவீதத்தை வெட்டியது. மூன்றாவது ஆலையில் கைவைக்கவில்லை. இதையே ஆய்வாக்கிக்கொண்டார் ஜெரால்ட் கிரீன்பர்க் என்ற உளவியலாளர். 1990இல் அது வெளியானது.

வெட்டு ஒன்றுதான், சொன்ன விதம் வேறு. ஓர் ஆலையில் நிறுவனத் தலைவரே வந்து ஒன்றரை மணி நேரம் பேசினார். வரவு செலவைப் படம்போட்டுக் காட்டினார், வருத்தம் தெரிவித்தார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இன்னொன்றில் துணைத் தலைவர் கால் மணி நேரத்தில் விஷயத்தைச் சொல்லி முடித்தார். விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பியும்விட்டார்.

அப்புறம் ஸ்டோர் கணக்கைப் பார்த்தார்கள். கருவியும் சாமானும் கணக்கில் வராமல் போவது அங்கே வழக்கமாகவே சுமார் 3 சதவீதம். கால் மணி நேர ஆலையில் அது இரண்டு மடங்கைத் தாண்டியது. கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் வேலையையும் விட்டார்கள். பழைய சம்பளம் திரும்பியதும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கியது.

போட்ட உழைப்புக்கும் வந்த பலனுக்கும் கணக்குச் சரியாக வரவில்லை என்றால் மனிதர்கள் தாங்களே நேர்செய்துகொள்வார்கள் என்று 1960களிலேயே சொன்னவர் ஸ்டேசி ஆடம்ஸ் என்ற உளவியலாளர். வேலையைக் குறைப்பது ஒரு வழி, கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்வது இன்னொன்று. ஆனால் இரண்டு ஆலைகளிலும் பறிபோனது ஒரே அளவு. அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? காரணம் புரிந்ததாலா, மரியாதையாக நடத்தியதாலா?

இதைப் பிரித்துப் பார்க்க 1993இல் கிரீன்பர்க் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். 5 டாலர் என்று பேசி, வேலை முடிந்ததும் 3 டாலர்தான் என்றார்கள். எண்ணாமல் வைத்ததுபோல் தெரிந்த பணத்திலிருந்து அவர்களே எடுத்துக்கொள்ளலாம். தெளிவான காரணம் சொன்னபோதும் கூடுதலாக எடுப்பது குறைந்தது, அக்கறையாகப் பேசியபோதும் குறைந்தது. இரண்டும் சேர்ந்தபோது மிகக் குறைவு.

இதைப் படித்துவிட்டு, இனிக்க இனிக்கப் பேசியே சம்பளத்தை வெட்டலாம் என்று எந்த மேலாளரும் கணக்குப் போட வேண்டாம். தலைவர் பொறுமையாக விளக்கிய ஆலையிலும் திருட்டு கொஞ்சம் கூடத்தான் செய்தது.

கோபம் ஸ்டோரோடு நிற்பதில்லை, தூக்கத்தையும் கெடுக்கிறது. ஓவர்டைம் காசை இழந்த செவிலியர்களைப் பற்றிய கிரீன்பர்க்கின் ஆய்வு 2006இல் வந்தது. தூக்கமின்மை அவர்களிடம் அதிகரித்திருந்தது. மரியாதையாக நடத்தப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர்களின் கீழ் இருந்தவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அப்படித்தான்.