நைந்தது தெரியும், இற்றது தெரியாது: பழைய சேடில் வாங்கலாமா?

அமெரிக்காவில் இலையுதிர் காலம் தொடங்கியதும் வில்லோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் இப்போது மரத்தில் பரண் கட்டுவதில்லை. இடுப்பையும் தொடையையும் தாங்கும் ஒரு துணி இருக்கையை மாட்டிக்கொண்டு ஐந்தாறு மீட்டர் உயரம் ஏறி, அடிமரத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டி, அதில் சாய்ந்து தொங்கியபடியே மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த இருக்கைக்குப் பெயர்தான் சேடில். மரத்திலிருந்து வரும் கயிறு டெதர், சேடிலின் இரண்டு பக்கத்தையும் முன்னால் இணைக்கும் சிறு கயிறு பிரிட்ஜ், இரண்டையும் சேர்ப்பது காரபைனர் என்ற, வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி. ஏறும்போது மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ள லைன்மேன் பெல்ட், ஏணிப்படி மாதிரி ஸ்டிக், மேலே கால் ஊன்ற ஒரு சின்ன பிளாட்ஃபார்ம். அவ்வளவுதான் சாமான்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் பல நூறு டாலர் ஆகிவிடும். அதனால் சீசன் முடிந்ததும் பாதி விலைக்கு வரும் பழைய செட் மேல் கண் போவது இயல்பு. வாங்கலாமா? என் பதில்: உலோகத்தைப் பழையதாக வாங்குங்கள், கயிற்றையும் துணிப் பட்டையையும் புதிதாக வாங்குங்கள். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்கான காரணம் கயிறும் பட்டையும் செய்யப்படும் நைலானின் வேதியியலில் இருக்கிறது.

தமிழில் கயிறு கெடுவதற்கு இரண்டு சொல் உண்டு. கிணற்றுக் கயிறு உருளையில் உரசி உரசிச் சிலும்பி நின்றால் அது நைந்துவிட்டது என்போம். மொட்டைமாடியில் வெயிலில் கிடந்த கொடிக்கயிறு முழுசாகத்தான் தெரியும், ஈரப் போர்வையைப் போட்டதும் பட்டென்று அறுந்துவிடும், அது இற்றுப்போனது. நைவது வெளியில் நடக்கிறது, கண்ணாலும் கையாலும் கண்டுபிடிக்கலாம். இற்றுப்போவது மூலக்கூறு அளவில் நடக்கிறது. பழைய சாமான் வாங்குகிறவர் பயப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

நைலானை 1935-ல் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கியது. பாலியெஸ்டர் இழை 1941-ல் இங்கிலாந்தில் வந்தது. இரண்டுமே பாலிமர்கள், அதாவது சின்னச் சின்ன அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீளமான சங்கிலிகள். இழையை நூற்கும்போது இழுத்து நீட்டுவதால் இந்தச் சங்கிலிகள் ஒரே திசையில் வரிசையாகப் படுத்துக்கொண்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. கயிற்றின் பலம் முழுக்க இந்த நீளத்திலும் வரிசையிலும்தான் இருக்கிறது. சங்கிலி நடுவில் எங்காவது வெட்டுப்பட்டால் நீளம் குறைகிறது, நீளம் குறைந்தால் பக்கத்துச் சங்கிலியைப் பிடிக்கும் பிடி குறைகிறது. நூறில் ஒரு கண்ணி அறுந்தாலே போதும், பலம் பெருமளவு போய்விடும், ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அதே கயிறு, அதே தடிமன்.

யார் வெட்டுகிறார்கள்? முதல் ஆள் வெயில். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் ஆக்சிஜனோடு சேர்ந்து சங்கிலிகளை அறுக்கிறது. சிலர் ஸ்டிக் பட்டைகளையும் டெதரையும் சீசன் முழுக்க மரத்திலேயே விட்டுவிட்டு வருவார்கள், திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சிரமம் மிச்சம் என்று. வெயில், மழை, உறைபனி எல்லாம் அதன் மேல்தான். அணில் வேறு அந்தத் துணிப் பட்டையைக் கடித்து வைக்கும், அது அங்கே அடிக்கடி நடக்கிற விஷயம். சாயம் வெளுத்திருந்தால் வெயில் தின்றிருக்கிறது என்று ஊகிக்கலாம், ஆனால் சாயம் நன்றாக இருந்தால் கயிறும் நன்றாக இருக்கிறது என்று திருப்பிச் சொல்ல முடியாது.

இரண்டாவது அமிலம். இதை நான் மிகவும் பயப்பட வேண்டியதாக நினைக்கிறேன். நைலானில் அலகுகளை இணைக்கும் அமைடு பிணைப்பை அமிலம் உடைத்துவிடும். கார் பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். பழைய பேட்டரி கிடந்த பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில், கராஜ் மூலையில், பேட்டரி சார்ஜ் போடும் மேசைக்குக் கீழே என்று கயிறு கிடந்திருந்தால் ஒரு சொட்டு பட்டாலும் அந்த இடம் இற்றுவிடும். மலையேறிகளின் கயிறுகள் திடீரென்று அறுந்த சில சம்பவங்களை ஆராய்ந்தபோது கந்தக அமிலத்தின் தடம் கிடைத்திருக்கிறது. விற்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம், பொய் சொல்கிறார் என்றுகூட இல்லை.

மூன்றாவது வேட்டைக்காரர்களுக்கே உரியது. மான் மோப்பத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடும் என்பதால் பலர் உடுப்பையும் சாமானையும் ஒரு பைக்குள் போட்டு ஓசோன் ஏற்றுகிறார்கள். ஓசோன் நாற்றத்தை உண்டாக்கும் மூலக்கூறுகளைச் சிதைப்பது உண்மைதான், ஆனால் எது நாற்றத்தின் மூலக்கூறு, எது பட்டையின் மூலக்கூறு என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. ரப்பரும் எலாஸ்டிக்கும் ஓசோனில் வெடிப்புவிடும், நைலானும் திரும்பத் திரும்ப பட்டால் பலம் இழக்கும். குளோரின் கலந்த ப்ளீச்சில் துவைத்தாலும் இதே கதைதான்.

சரி, பலம் கொஞ்சம் குறைந்தால் என்ன, காரபைனரில் 22 கிலோநியூட்டன் என்று போட்டிருக்கிறதே, அது சுமார் 2,240 கிலோ எடைக்குச் சமம், நான் 80 கிலோதானே என்று கேட்கலாம். சாய்ந்து உட்கார்ந்திருக்கும்வரை அது சரி. கயிற்றைத் தளர்வாக விட்டுவிட்டு, கட்டிய இடத்துக்கு மேலே ஏறி நின்று, கால் வழுக்கினால் கணக்கு மாறிவிடும். 60 சென்டிமீட்டர் விழுந்து, கயிறும் உடம்பும் நெகிழ்ந்துகொடுத்து அடுத்த 10 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 70 சென்டிமீட்டரில் சேர்ந்த ஆற்றல் முழுவதையும் அந்த 10 சென்டிமீட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும், ஆகவே நிறுத்தும் விசை சராசரியாக எடையைப் போல ஏழு மடங்கு, 560 கிலோ. உச்ச விசை அதற்கும் மேலே போகும். டெதராகப் பயன்படுவது பெரும்பாலும் அதிகம் நீளாத வகைக் கயிறு என்பதால் இந்த 10 சென்டிமீட்டரைத் தாராளமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இதில் முடிச்சு போட்ட இடத்தில் கயிறு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது, நைலான் நனைந்தால் இன்னும் பத்து, இருபது சதவீதம் போகிறது. புதுக் கயிற்றில் இதையெல்லாம் கழித்தாலும் மிச்சம் இருக்கும். பழைய கயிற்றில் எந்த எண்ணிலிருந்து கழிக்கத் தொடங்குவது என்பதே தெரியாது.

புகழ்பெற்ற அமெரிக்க மலையேறி டாட் ஸ்கின்னர் 2006 அக்டோபர் 23 அன்று யோசெமிட்டியின் லீனிங் டவரில் கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். கயிறு அறுந்துபோகவில்லை, இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் அவருடைய பட்டை இருக்கையான ஹார்னெஸின் முன்பக்க வளையம்தான் அறுந்தது. அந்த வகை ஹார்னெஸ் 15 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதி, அதாவது ஒன்றரை டன். ஆனால் தேய்ந்த அந்த வளையம் ஒரு மனிதனின் எடைக்கே போய்விட்டது. அது தேய்ந்திருப்பதைக் கூட வந்தவர் முன்பே பார்த்துச் சொல்லியிருந்தார், ஸ்கின்னரும் புதியதற்கு ஆர்டர் கொடுத்திருந்தார். சேடிலில் அதே வேலையைச் செய்வது பிரிட்ஜ். முழு எடையும் எப்போதும் அதில்தான், காரபைனர் இடமும் வலமுமாக அதன் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய சேடில் கைக்கு வந்தால் முதலில் கழற்றிப் போட வேண்டியது அதைத்தான்.

இன்னொரு விஷயம் வெப்பம். சிலர் ஒரே ஒரு ஸ்டிக்கோடு ஏறிவிட்டு அதே கயிற்றில் சறுக்கி இறங்குகிறார்கள். உராய்வில் கயிற்றின் வெளியுறை இழைகள் உருகி, தொட்டால் கண்ணாடி போல வழவழப்பாகக் கெட்டிப்பட்டிருக்கும். நைலான் 6,6 என்ற நைலான் வகை உருகுவது 260 டிகிரி செல்சியஸ் வாக்கில். சில பிரிட்ஜ்கள் டைனீமா என்ற பாலிஎத்திலீன் இழையில் வருகின்றன, எடைக்கு எடை எஃகைவிடப் பலம், ஆனால் 145 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வயது மட்டுமே கயிற்றைக் கொல்வதில்லை. இருட்டில், உலர்ந்த இடத்தில், பையிலேயே இருந்த நைலான் பல வருடம் கழித்தும் பெரும்பாலான பலத்தோடு இருக்கும். மலையேற்றச் சாமான் தயாரிக்கும் பெட்ஸில் போன்ற நிறுவனங்கள் துணிச் சாமான்களுக்குத் தயாரித்த நாளிலிருந்து அதிகபட்சம் 10 வருடம் என்கின்றன, உலோகத்துக்குக் காலவரம்பு வைப்பதில்லை. எனவே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர், எங்கே வைத்திருந்தார் என்பதும் உங்களுக்குத் தெரியும், லேபிளில் தேதி இருக்கிறது, இரண்டு முறைதான் கட்டினார் என்றால் அந்தச் சேடிலை வாங்குவது பற்றி யோசிக்கலாம். தையலை மட்டும் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள், சுமை எல்லாம் நூலில்தான் நிற்கிறது. அப்போதும் டெதர், பிரிட்ஜ், லைன்மேன் பெல்ட் கயிறு மூன்றையும் மாற்றிவிடுங்கள். செட்டின் விலையில் இவற்றின் பங்கு சிறியது.

உலோகத்துக்கு வருவோம். அலுமினியக் காரபைனர் வெயிலில் இற்றுப்போகாது. கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தால் விரல் நகத்துக்கே தெரியும், வாய் சரியாக மூடுகிறதா, பூட்டு பிடிக்கிறதா என்று அழுத்திப் பார்த்தால் போதும். கீழே விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே வரும் என்று பரவலாக நம்புகிறார்கள், ஆனால் விழுந்த காரபைனர்களைச் சோதித்துப் பார்த்தவர்கள் பலம் குறிப்பிடும்படி குறைந்ததாகக் காணவில்லை. ஸ்டிக்கிலும் பிளாட்ஃபார்மிலும் வெல்டிங் ஓரங்களையும் போல்ட் துளைகளையும் வெளிச்சத்தில் பாருங்கள், அவற்றின் பட்டைகளைப் புதிதாகப் போடுங்கள்.

அப்புறம் ரீகால். குறைபாடு என்று திரும்பப் பெறப்பட்ட பொருட்களின் பட்டியலை அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிடுகிறது. முதலில் வாங்கிப் பதிவு செய்தவருக்குக் கடிதம் போகும், இரண்டாவது கைக்குப் போகாது. 2008-ல் வந்த சட்டப்படி ரீகால் ஆன பொருளை விற்பதே குற்றம், ஆனால் விற்பவர் பார்த்திருப்பார் என்று நம்பி இருக்க முடியாது. மாடல் பெயரை நீங்களே தேடுங்கள்.

கழற்றிய பழைய டெதரையும் பிரிட்ஜையும் அப்படியே குப்பையில் போடாதீர்கள். நல்ல கயிறு மாதிரியே தெரியும், யாராவது எடுத்துக் கட்டுவார்கள். ஒரு முழத்துக்கு மேல் எந்தத் துண்டும் மிஞ்சாமல் வெட்டிவிட்டுப் போடுங்கள்.